தனி வீடு

குன்னூரில் என் பிழைப்பு, வருஷத்தில் பத்து நாள் வந்து தங்குகிறவர்களுக்கு வீடு வரைந்து கொடுப்பது. மீதி நாளெல்லாம் அந்த வீட்டில் தோட்டக்காரர் மட்டும் நடமாடுவார். படுக்கையிலிருந்தே பனி தெரிய வேண்டும் என்பார்கள். பனி வந்தால் எதுவும் தெரியாது, அதற்குப் பெயர்தான் பனி என்று சொல்ல வாய் வரும். அடக்கிக்கொண்டு, பெரிய கண்ணாடி ஜன்னலாகப் போட்டுக் கொடுத்துவிடுவேன். சிடுசிடுப்புக்காரி என்று எனக்குப் பெயர் உண்டு. வேலை சுத்தமாக இருப்பதால் பொறுத்துக்கொள்கிறார்கள்.

நான் பிறந்தது சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். நீளமாக ஒரே கூரை, அதற்குக் கீழே வரிசையாகப் பத்துக் குடும்பம், குடும்பத்துக்கு ஓர் அறை. அந்த அறையைக் காம்பரா என்போம். சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் தகரப் பெட்டியோடு சேர்த்துக் கொண்டுவந்த வார்த்தை அது. அம்மா அந்தக் கப்பலில் வரும்போது அவளுக்குப் பதினாறு வயது. அங்கேயும் கொழுந்து கிள்ளினாள், இங்கேயும் கொழுந்து கிள்ளினாள். நடுவில் ஒரு கடல், அவ்வளவுதான் வித்தியாசம் என்பாள்.

காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவிலிருக்கும் சுவர் கூரைவரை போகாது. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் போய் நின்றுவிடும். அதற்கு மேலே இருந்த இடம் பத்துக் குடும்பத்துக்கும் பொது. புகை, இருமல், கருவாட்டு வாசனை, சண்டை எல்லாம் அந்த வழியாகப் போய்வந்துகொண்டிருக்கும். நான் பெரியவளான விஷயம் எனக்கே சரியாகப் புரிவதற்குள் கடைசிக் காம்பராவுக்குத் தெரிந்துவிட்டது. பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது நாலாவது காம்பராவில் புருஷன் பெண்டாட்டி சண்டை. அதில் யார் பக்கம் நியாயம் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். அன்று படித்த கணக்கு ஒன்றுகூட ஞாபகமில்லை.

அந்தச் சுவரை நான் அப்படி வெறுத்தேன். கூரையைத் தொடுகிற சுவர் வைத்து அம்மாவுக்கு ஒரு வீடு கட்டுவேன் என்று பன்னிரண்டு வயதில் முடிவு செய்தேன். கட்டடக்கலை படிக்கக் கோயம்புத்தூருக்குப் போனபோது, எதற்காக இந்தப் படிப்பு என்று கேட்டவர்களிடம் ஏதேதோ சொன்னேன். உண்மையான காரணம் அந்தச் சுவர்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் சின்னம்மா இருந்தாள். சொந்தச் சின்னம்மா இல்லை, ஒரே கப்பலில் வந்தவள், அம்மாவைவிட மூன்று நான்கு வயது இளையவள். இரண்டு பேருக்கும் ஒரே மலையில் வேலை, இரண்டு பேருமே சீக்கிரம் புருஷனை இழந்தவர்கள். சின்னம்மாவின் மகன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான், நான் கோயம்புத்தூருக்குப் போய்விட்டேன். இரண்டு அடுப்புகளும் சுவரின் இரண்டு பக்கமும் நேருக்கு நேர் இருந்தன. அடுப்பு உயரத்தில் ஒரு செங்கல் விழுந்த பொந்து ஒன்று உண்டு. அதை யாரும் அடைக்கவில்லை. பிஸ்கட் டின் மூடி ஒன்றைச் சாத்தி வைத்திருப்பார்கள். உப்பு, மிளகாய், சூடான ரொட்டித் துண்டு, தேத்தண்ணி டம்ளர் எல்லாம் அதன் வழியாகப் போகும், வரும்.

பேச்சும் அப்படித்தான். அம்மா குத்தவைத்து உட்கார்ந்து, தன் அடுப்பைப் பார்த்தபடியே, "ஏ புள்ள, இன்னைக்கு ஏழாம் நம்பர் மலையில அட்டை தாங்கல" என்று ஆரம்பிப்பாள். அந்தப் பக்கமிருந்து, "ஆமாக்கா, எனக்குக் காலெல்லாம் ரத்தம்" என்று பதில் வரும். குரலை உயர்த்த மாட்டார்கள். கப்பலில் வாந்தி எடுத்த கதை, மண்டபம் முகாமில் வரிசையில் நின்ற கதை, அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்பது, என் படிப்புச் செலவுக்கு என்ன செய்வது என்பது, எல்லாவற்றையும் அம்மா அந்தச் சுவரிடம்தான் சொன்னாள். என்னிடம் அவள் பேசியது மூன்றே கேள்வி: சாப்பிட்டியா, படிச்சியா, குடை எடுத்தியா. என் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்தவை எல்லாம், போர்வைக்குள் படுத்துக்கொண்டு அவள் சுவரிடம் சொன்னதைக் கேட்டுத் தெரிந்துகொண்டவை. எனக்குச் சின்னம்மா மேல் பொறாமை இருந்தது. இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

தோட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. வேலை முடிந்தால் காம்பராவைக் காலி செய்துவிட வேண்டும். அம்மாவின் சர்வீஸ் முடிந்த வருஷம், ஓய்வுபெற்ற தொழிலாளர்களுக்கு வீடு கட்டித்தர ஒரு அறக்கட்டளை முன்வந்தது. வீட்டுக்கான வரைபடத்தை எங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். நான் என் மேஜையிலிருந்த மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அதை எடுத்துக்கொண்டேன். ஒதுக்கப்பட்டவர்களில் ஒருவர் நீச்சல் குளம் கேட்டவர். இன்னும் என்னோடு பேசுவதில்லை.

முதலில் அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது எங்கள் தொழிலில் நல்லவர்களுக்கு அழகு. நானும் நல்லவள்தானே. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களத்தில் எல்லாரையும் உட்காரவைத்து, நோட்டும் கையுமாக ஒவ்வொருவரிடமும் கேட்டேன். எப்படிப்பட்ட வீடு வேண்டும்? ஆண், பெண் அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல ஒரே பதில் சொன்னார்கள். "தனி வூடு வேணும்." அம்மாவும் அதையேதான் சொன்னாள். நான் நோட்டில் 'தனி' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். என் பன்னிரண்டு வயது ஆசையை ஊரே சேர்ந்து கேட்கிறது என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பதினான்கு வீடுகள். ஒவ்வொன்றும் தனியே நிற்கும், நான்கு பக்கமும் காற்று வரும். ஒரு வீட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பன்னிரண்டடி இடைவெளி. தென்மேற்கு மழை சாய்ந்து அடிக்கும் பக்கத்தில் ஜன்னல் இல்லாத தடித்த சுவர். சரியான புகைபோக்கி. சமையலறையில் ஜன்னலைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் வைத்தேன். அம்மா பலகையில் உட்கார்ந்துதான் சமைப்பாள், வாழ்நாள் முழுக்க அவள் கண்ணுக்கு நேரே கரிச்சுவர் மட்டும்தான் இருந்தது, இனிமேல் எதிர் மலை தெரியட்டும் என்று நினைத்தேன். அன்னூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த மேஸ்திரிக்கு அது பொறுக்கவில்லை.

"ஏனுங்க மேடம், ஜன்னல இவ்ளோ கீழயா வெப்பாங்க? நாயி எட்டிப் பாக்குமுங்க."

"பாக்கட்டுங்க. உள்ள உக்காந்திருக்கறவங்களும் நாயைப் பாக்கட்டும்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். ஆனால் ஜன்னலைச் சொன்ன உயரத்தில் அச்சுப் பிசகாமல் வைத்துக் கொடுத்தார். எல்லாச் சுவரும் கூரையைத் தொட்டன. முதல் வீட்டின் நடுச்சுவர் எழுந்து கூரைச் சட்டத்தில் முட்டிய அன்று நான் அங்கேயே நின்றிருந்தேன். கையால் தடவிப் பார்த்தேன், சந்தில் விரல் நுழைகிறதா என்றுகூடப் பார்த்தேன். நுழையவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நாட்கள் குறைவு.

பால் காய்ச்ச லயமே வந்தது. அம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தாள். கக்கூஸ் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தாள். "வூடு நல்லாத்தான் கட்டியிருக்க" என்றாள். அதுவரை என்னைப் பற்றி அவள் என்னிடமே சொன்ன பாராட்டு அது ஒன்றுதான். சின்னம்மா தாழ்ந்த ஜன்னலுக்கு வெளியே குனிந்து நின்று, "அக்கா, இனிமே நீ மகாராணி" என்று சிரித்தாள். அவளுக்கு இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் பாக்கி இருந்தது. அதனால் வீடு கிடைக்காது. லயத்திலேயே இருக்க வேண்டும். புது வீடுகளுக்கும் லயத்துக்கும் நடுவில் இரண்டு மைல், அதில் பாதி சதுப்பு வயல். சாயங்காலமானால் யானை இறங்குகிற வழி. வேலை முடிந்து வந்து, போய்ப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்ப முடியாது.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். குன்னூரிலிருந்து ஊட்டி, ஊட்டியிலிருந்து கூடலூர், அங்கிருந்து பந்தலூர் வழியாகச் சேரம்பாடி என்று மூன்று பஸ். வீடு பூட்டியிருந்தது. கடைக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். பிறகு பூட்டைப் பார்த்தேன். பூட்டுக்கும் நிலைக்கும் நடுவில் சிலந்தி சாவகாசமாக வலை பின்னி முடித்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். பன்னிரண்டடி தள்ளி, தடித்த சுவருக்குள் இருந்தவருக்கு என் குரல் கேட்க நேரமானது. "அம்மாவா? அது போயி மூணு வாரமாச்சே" என்றார்.

லயத்துக்கு நடந்தேன். நடந்தேன் என்பது மரியாதைக்காக, ஏறக்குறைய ஓடினேன். எங்கள் பழைய காம்பராவில் இளம் ஜோடி ஒன்று குடிவந்திருந்தது. பொந்தைச் சிமெண்டு வைத்துப் பூசியிருந்தார்கள். அம்மா சுவருக்கு அந்தப் பக்கம், சின்னம்மாவின் அடுப்புக்கு முன்னால் பலகையில் உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். சின்னம்மா என் முகத்தைப் பார்த்ததும் தண்ணீர் எடுக்க வெளியே போய்விட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பட்டா கைக்கு வருவதற்கு முன் வீட்டைப் பூட்டிப் போட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றேன். எத்தனை நாள் தூங்காமல் வரைந்தேன் தெரியுமா என்றேன். கடைசியில், "நீங்க எல்லாருந்தானே தனி வீடு வேணும், தனி வீடு வேணும்னு கேட்டீங்க? நான் நோட்டுலயே எழுதி வச்சிருக்கேன்" என்று கத்தினேன். என் சத்தம் பத்துக் காம்பராவுக்கும் போயிருக்கும்.

அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தனி வூடுன்னா வெளிய எறங்குன்னு எவனும் சொல்ல முடியாத வூடுடி. கம்பெனி வூடு இல்லாத வூடு. எங்களத் தனியா வையின்னு யாரு ஒங்கிட்ட சொன்னா?"

எனக்குத் தெரிந்த வார்த்தைதான். நான் வளர்ந்த வார்த்தை. "அவனுக்கு என்னா, பந்தலூர்ல தனி வூடு இருக்கு" என்று லயத்தில் ஒருவரைப் பற்றிப் பேசிக்கொள்வதை எத்தனை தடவை கேட்டிருப்பேன். அந்த வீட்டை நான் பார்த்தும் இருக்கிறேன். ஒரு பக்கம் மளிகைக்கடை, ஒரு பக்கம் தையல்கடை, இரண்டு சுவரும் பொது, மூச்சுவிட இடம் கிடையாது. அதுவும் தனி வீடுதான். ஏனென்றால் அது அவனுடையது. லயத்து ஆட்களுக்கு உலகத்தில் இரண்டே வகை வீடு, கம்பெனி வீடு, தனி வீடு. வேறு ஊர் ஆள் யாராவது படம் வரைய வந்திருந்தால், தனி என்றால் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். நான் இந்த மண்ணின் பெண் அல்லவா, எனக்கு எதற்குக் கேள்வி? குன்னூரில் வேலி போட்டு வாழ்கிறவர்களுக்கு வீடு வரைந்து வரைந்து அந்த வார்த்தை என் தலைக்குள் எப்போதோ மாறிப்போயிருந்தது. மாறியதுகூட எனக்குத் தெரியவில்லை.

அன்று நான் சாப்பிடாமல்தான் கிளம்பினேன். ஆனால் பஸ்ஸில் வரும்போது ஒன்றை ஒப்புக்கொண்டேன். குன்னூரில் என் வாடகை வீட்டில் நான் ரேடியோவைச் சன்னமாக வைத்துக்கொண்டுதான் தூங்குவேன். என்ன பேசுகிறார்கள் என்று கேட்காத அளவுக்கு, யாரோ பேசுகிறார்கள் என்று மட்டும் தெரிகிற அளவுக்கு. பல வருஷப் பழக்கம். சுவரை வெறுத்தேன் என்று சொன்னது பொய்யில்லை. அது இல்லாமல் எனக்கும் தூக்கம் வரவில்லை என்பதும் பொய்யில்லை.

அம்மா அந்த வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அடுத்த வரிசை கட்டும்போது தன்னையும் சின்னம்மாவையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொல்லிக் கைநாட்டு வைத்தாள். படம் வரைந்தவளின் அம்மாவே வீட்டைத் திருப்பிக் கொடுக்கிறாளே என்று அறக்கட்டளைக்காரர் என்னிடம் மிகவும் மரியாதையாக விசாரித்தார். நான் அதைவிட மரியாதையாக விஷயத்தைச் சொன்னேன். இரண்டாவது வரிசையை வேறு மாதிரி வரைய அனுமதி கேட்டேன், கொடுத்தார்.

அதற்கப்புறம் வந்த மாதங்களை நினைத்தால் இன்னும் நெஞ்சு நிறைகிறது. ஞாயிறுதோறும் படச்சுருளைத் தூக்கிக்கொண்டு மூன்று பஸ் ஏறினேன். இரண்டிரண்டு வீடாக, நடுவில் ஒரே சுவர். இந்தத் தடவை எல்லாக் கேள்வியும் கேட்டேன். சுவர் கூரையைத் தொடலாமா? "தொடட்டும், எலி வராது" என்றார்கள். அடுப்பு உயரத்தில் சின்னதாக ஒரு திறப்பு, மரக்கதவோடு. தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு இரண்டு பக்கமும் என்றாள் சின்னம்மா.

"சண்டை வந்து ஒருத்தி சாத்திக்கிட்டா?" என்றேன்.

"சண்டைன்னா உப்பு வேணாமா? தெறந்துதானே ஆவணும்" என்றாள் அம்மா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் தரையில் படத்தின் மேல் உட்கார்ந்து சிரித்தேன். அவர்கள் பேச்சுக்கு நடுவில் நான் உட்கார்ந்திருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான்.

சின்னம்மாவின் சர்வீஸ் முடிய நான்கு மாதம் இருக்கும்போது, ஆடி மழையில், அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாவது நாள் போய்விட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது மகன் திருப்பூரிலிருந்து வந்து காரியங்களைச் செய்துகொண்டிருந்தான். அம்மா அழவில்லை. அடுப்புக்கு முன்னால் பலகையில் உட்கார்ந்திருந்தாள். புது வீடு முடியும்வரை அவள் அந்தக் காம்பராவிலேயே இருந்துகொள்ளலாம் என்று தோட்டத்தில் சொன்னார்கள்.

குன்னூருக்குக் கூட்டிவந்தேன். பதினோரு நாள் இருந்தாள். மாடி வீடு, நல்ல வெயில் வரும். அவள் பகலெல்லாம் சமையல் மேடைக்குப் பக்கத்தில் நின்றபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "இதுக்கு அந்தப் பக்கம் யாரு இருக்காங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டுக்கு நான் வந்து ஒன்பது வருஷமாகிறது. பன்னிரண்டாவது நாள் காலையில் பையை எடுத்து வைத்துக்கொண்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

போன மாதம் இரண்டாவது வரிசைக்கு அஸ்திவாரம் குறித்தோம். மழை விட்டிருந்தது. சிவப்பு மண்ணில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு அறைகளை மேஸ்திரி காட்டினார். அம்மாவைக் கூட்டிப்போயிருந்தேன். அவள் கோட்டை மிதிக்காமல், கதவு வரப்போகிற இடத்தின் வழியாகவே உள்ளே போனாள். சமையலறைக்குள் போய், அடுப்பு வரும் இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். எதிர் மலை தெரிகிறதா என்று பார்த்தாள். தெரிந்தது.

"இது நானு" என்றாள். பக்கத்துக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். "இங்கிட்டு யாரு?"

"குலுக்கல்ல யாருக்கு விழுதோ அவங்கதாம்மா."

கொஞ்ச நேரம் அந்தக் காலி மண்ணைப் பார்த்தாள். பிறகு, இன்னொரு வாய் தேத்தண்ணி வேணுமா என்று கேட்கிற அதே குரலில், என்னைப் பார்க்காமல், அடுப்பு வரப்போகிற இடத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"நீ வாறியா?"

மேஸ்திரி டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என் கையில் படச்சுருள் இருந்தது. குன்னூரில் எனக்கு ஐந்து பேர் வேலை செய்கிற அலுவலகம் இருக்கிறது, பாதி கட்டிய வீடுகள் இருக்கின்றன, திங்கட்கிழமை இருக்கிறது.

"அது ரிட்டயர்டு ஆனவங்களுக்கு மட்டுந்தாம்மா" என்றேன்.

"ஆமா, சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றாள் அம்மா. எழுந்துகொள்ள நான் கை கொடுத்தேன். புடவையில் சுண்ணாம்பு படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் கதவு வரும் இடத்தின் வழியாகவே வெளியே வந்தாள். உனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவளே எனக்கு ஞாபகப்படுத்தினாள்.

அம்மா சுவரிடம் பேசுவதை என்னிடம் ஒரு தடவையாவது பேச மாட்டாளா என்று ஏங்கித்தான் நான் வளர்ந்தேன். அன்று பேசினாள். நான் அவளுக்குச் சட்டம் சொன்னேன்.